மூன்றாம் முகடு

இரவு முழுக்க ஒரே குளிரில் கிடக்கவிட்டேன்
கேம் ஷாஃப்டையும் டயல் கேஜையும்.
கந்தப்பளையில் ஜனவரி. தகரக்கூரையில் உறைந்த பனி
விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் சொட்டும்.
கையில் பிடித்துக்கொண்டே அளந்தால்
இரும்பு என் சூட்டையும் சேர்த்துச் சொல்லிவிடும்.
அதனால்தான் விசுவாசம் அண்ணன்
ஆறு மணிக்கே வந்து நின்றபோதும்
தேத்தண்ணீர் கொடுத்தேனே தவிர
துணியை விலக்கவில்லை.

அவர் லொறிக்கு நாலு மாசமாய்
றம்பொடை வளைவுகளில் மூச்சு வாங்குகிறது.
லீக்ஸும் கரட்டும் சுமந்து இறங்கும்போது வாயே திறக்காது,
வெறும் பெட்டியோடு ஏறும்போது
இரண்டாம் கியரில் இருமும்.
இன்ஜெக்டர் மாற்றியாயிற்று. பம்ப் மாற்றியாயிற்று.
வெலிமடையில் ஒருவன் டீசலைக் குறை சொன்னான்.
நுவரெலியாவில் ஒருவன் சாமி குற்றம் என்றான்,
அவனும் காசு வாங்கினான்.

முந்தின நாள் நான் முதலில் மாட்டியது
கேஜோடு பெட்டியில் வந்த கூர்முனை,
எறும்புக் கால் மாதிரி.
முகட்டின் சரிவில் வழுக்கி
ஓரமாய் இறங்கி
சுற்றுக்கொரு கதை சொன்னது.
எஞ்சினுக்குள் அந்த முகட்டைத் தொடுவது ஊசியா?
டேப்பட். தட்டையான அடி,
ஐந்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது.
அது தொடுகிற மாதிரியே தொட்டால்தான்
அது ஏறுகிற ஏற்றம் எனக்கும் தெரியும்.

சுனிமல் லேத்தில் நின்றான்.
பழைய டேப்பட் ஒன்றின் தலையில் துளை,
துளைக்குள் பித்தளைப் புஷ், இரண்டரை மில்லி மரை.
முதலாவது கோணியது.
இரண்டாவதில் மரை தின்றுபோயிற்று.
மூன்றாவதை மாட்டும்போது சிங்களத்தில்
ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அன்பாகத்தான்.
உட்கார்ந்துகொண்டது.

ஒன்பது மணிக்குத் துணியை விலக்கினேன்.
இரண்டு வி-பிளாக்கில் ஷாஃப்ட்.
அதன் மூக்கில் பிஸ்கட் பேணி மூடியில் ஒட்டிய பாகை வட்டம்,
சுட்டிக்காட்ட ஒரு சைக்கிள் கம்பி.
அடிவட்டத்தில் முள்ளைச் சுழியில் நிறுத்தி
“சுத்துங்க அண்ணே” என்றேன்.

“நான் என்னத்துக்கு? நீயே பாத்துச் சொல்லு.”
கொஞ்சம் பொறுத்து அவரே:
“தம்புள்ளைத் தராசுலயும் முள்ளு இருக்கு தங்கச்சி.
இங்க ஆயிரம் கிலோ, அங்க தொள்ளாயிரத்தி அறுபது.
வழியில தண்ணி வத்திருச்சாம்.”

“அதுக்குத்தான் நீங்க சுத்தணும்.”

சுற்றினார். நகக்கண்ணில் உருளைக்கிழங்குச் சேறு,
ஐந்தைந்து பாகையாய், லொறி ஓட்டுகிறவர் மாதிரியே இல்லை.
முள் ஏறி நின்றது.
ஏழு புள்ளி ஆறு இரண்டு.
கரட் பில்லின் பின்பக்கம் அவர் கையாலேயே எழுதினார்.
அடுத்தது ஏழு புள்ளி ஆறு ஒன்று.
மூன்றாம் சைலண்டர், புகை போகிற பக்கத்து முகடு,
முள் பாதி மலையிலேயே களைத்தமாதிரி நின்றது.
ஆறு புள்ளி ஒன்பது நான்கு.
பின்னால் கொண்டுபோய் மறுபடி சுற்றினார்.
அதே.
கண்ணாடியைத் துடைத்தார், தன்னுடையதை அல்ல, கேஜுடையதை.
அதே.

“மிச்சம் எங்க போச்சு?”
எண்ணெய்க்குள்ள. சம்ப்புக்கு அடியில
மினுங்குதே பொடி, அது.
ஏறி ஏறித் தேஞ்சது.
“யாரும் எடுக்கல?”
யாரும் எடுக்கல.

புது ஷாஃப்டின் விலையைக் கேட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார். போகவில்லை.
பில் புத்தகம் எடுக்க உள்ளே போய் வருகிறேன்,
மனிதர் முதல் முகட்டுக்குத் திரும்பியிருக்கிறார்,
தேயாத முகட்டுக்கு.
இடது உள்ளங்கை ஷாஃப்டின் மேல், வலது கை சுற்ற,
முள் ஏறுகிறது, நிற்கிறது, இறங்குகிறது,
சுழியில் வந்து படுக்கிறது.
திரும்பவும்.

கை வைக்காதீங்க அண்ணே, சூடு ஏறிரும் என்று
வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.