தினமும்

பத்தொன்பது வருடமாய்
மற்றவர்கள் எழுதியதை வாசித்துப் பிழைத்தவள் நான்.
கோழி கிளறிய மண் மாதிரிக் கையெழுத்துகள்,
பிறகு அச்சடித்த துண்டுகள்,
பிறகு கைபேசித் திரையில் ஒரு புள்ளிக் கோலம்.
எல்லாவற்றுக்கும் அடியில்
என்னுடையதல்லாத ஒரு பெயர்.

சந்தேகம் வந்தால் போன் எடுப்பேன்.
அதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தேன்:
"மன்னிக்க வேண்டும் டொக்டர், ஒரு நிமிடம்தான்,
நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ தெரியவில்லை..."
பிழை என்னிடம் இல்லை என்று தெரிந்தே
குனிந்து கேட்கிற குரல்.
வீட்டில் மகன் அதை நடித்துக் காட்டுவான்.

நாற்பத்தேழு வயதில் மறுபடி புத்தகப் பை.
இன்னிஸ்ஃபெயில் கடவையில்
கரும்பு ரயில் மறிக்கும் நேரமெல்லாம்
ஸ்டியரிங் மேல் குறிப்புக் கொப்பி.
மாதத்தில் ஒரு சனி, கெய்ர்ன்ஸில் வகுப்பு:
காதுக்குள் பார்ப்பது,
வயிற்றை அழுத்திப் பார்ப்பது,
வலிப்பதாய் நடிக்க மணிக்கணக்கில் கூலி வாங்கும் கிழவரிடம்
"எப்போதிருந்து?" என்று கேட்பது.
மருந்தின் பக்கம் எனக்கு மனப்பாடம்.
மனிதரின் பக்கம் கை நடுங்கியது.
கூடப் படித்தவர்கள் பாத வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்,
தீவிலிருந்து விமானத்தில் வரும் இரண்டு தாதிகள்.
தேநீர் நேரத்தில் ஒரே பேச்சு:
எழுதுவது கஷ்டமா,
எழுதிவிட்டுத் தூங்குவது கஷ்டமா.

ஆறாவது கிழமை, கிளினிக்.
டொக்டர் பவேசி மூலையில்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.
வாழைப்பழக் கொட்டகையிலிருந்து நேரே வந்திருந்தாள் மெலே.
சப்பாத்தில் சிவப்பு மண்.
சலம் போகையில் எரிகிறது, இரண்டு நாளாய்.
காய்ச்சல்? இல்லை.
முதுகு வலி? பெட்டி தூக்குகிற வலிதான், புதிதாய் இல்லை.
ஒவ்வாமை? இல்லை.
"தினமும் என்ன குளிசை எடுக்கிறீர்கள்?"
"பிரஷருக்கு ஒன்று."

அவள் பொய் சொல்லவில்லை.

ட்ரைமெத்தோப்ரிம். மூன்று இரவு, மூன்று குளிசை.
பவேசி தலையசைத்தார்.
கையொப்பக் கோடு போதவில்லை,
பத்மலோஜினியின் கடைசி எழுத்துகள்
வெள்ளைக்குள் நடந்து போயின.
அவ்வளவு அழகாய் ஒரு காகிதத்தை நான் பார்த்ததில்லை.

நான் எழுதியதை நானே கொடுக்கக் கூடாது.
ஆற்றுக்கு அந்தப் பக்கக் கடைக்குப் போனாள் மெலே.

இருபது நிமிடத்தில் போன்.
இளம் பெடியன் ஒருவனின் குரல்.
"மன்னிக்க வேண்டும், ஒரு நிமிடம்தான்,
நான்தான் பிழையாக..."

என் குரல்.
பத்தொன்பது வருடம் நான் அனுப்பிக்கொண்டிருந்தது
சுற்றிக்கொண்டு என்னிடமே வந்திருக்கிறது.

மூட்டு வீக்கத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறாராம்.
கிழமைக்கு ஒன்று.
திங்கட்கிழமை மட்டும்.

இந்த இரண்டும் ஒரே உடம்பில் சந்தித்தால்
இரத்தம் ஊறும் எலும்பின் மச்சை
வற்றிப் போகலாம்.
எனக்குத் தெரியும்.
பரீட்சையில் வந்தது. முழுப் புள்ளி.
ஆனால் நான் கேட்டது தினமும்.
அவள் சொன்னதும் தினமும்.

பவேசியின் கண்ணாடி கண்ணுக்கு இறங்கியிருந்தது.
"நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்" என்றார்,
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

போனின் மறுபக்கம் காத்திருந்தது.
அந்தக் காத்திருப்பை நான் அறிவேன்,
கவுண்டர் விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்கள்,
எதிரே நோயாளி, அவளுக்குப் பின்னால் வரிசை.
ஒருவர் "அப்படியா" என்று வைத்துவிடுவார்.
ஒருவர் கேட்டார் ஒருமுறை,
மருத்துவம் படித்தது நீயா நானா என்று.

"உங்கள் பெயர் என்ன?"

பயந்துவிட்டான் போல.
"லாக்லன்" என்றான், மெதுவாய்.

"லாக்லன், நீங்கள் சரியாகத்தான் விளங்கிக்கொண்டீர்கள்.
அதைக் கிழித்துவிடுங்கள்.
வேறொன்று எழுதுகிறேன். மெலேயிடம் நானே பேசுகிறேன்,
அவள் கையில் போனைக் கொடுங்கள்."

மாலையில் அறை காலியானபின்
என் கேள்வித் தாளில் அந்த ஒரு சொல்லை வெட்டினேன்.
பேனா தாளைக் கிழித்து
அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டது.