துறை மாற்றம்

படிவம் இளஞ்சிவப்பு. கட்டணம் இருபத்தைந்து டாலர்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், ஆர்லீன்,
நான்காம் ஜன்னல்,
பதினெட்டு வருடமாக முத்திரை குத்துகிறேன்.

சிக்ரிட் மாத்தலா அக்டோபரில் வந்தாள்.
வணிகவியலிலிருந்து நிலவியலுக்கு.
கன்னம் சிவந்திருந்தது, ஏரிக்காற்றாக இருக்கலாம்.
கோட்டுப் பையைத் துழாவிச் சில்லறை எடுத்தபோது
கூடவே மூன்று கூழாங்கற்கள் விழுந்தன.
மன்னிப்புக் கேட்டாள்,
என்னிடமல்ல, கற்களிடம்.

டிசம்பரில் மறுபடி.
நிலவியலிலிருந்து வணிகவியலுக்கு.
அப்பாவின் கடையில்
பனிக்கால டயர்கூட விற்கவில்லையாம்.
அண்ணன் கேட்டானாம்:
"பாறைக்கு என்ன அவசரம்?
நூற்றுப்பத்துக் கோடி வருஷம் கிடந்தது
இன்னும் நாலு வருஷம் கிடக்காதா?
வங்கிக்காரன் கிடப்பானா?"
நியாயமான கேள்விதான்.
குத்தினேன்.

மார்ச் கடைசி. டுலூத்தில் பனி உடைந்து
முதல் தாதுக்கப்பல் பாலத்தைப் பார்த்து ஊதிய நாள்.
அவளுக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர்.

'காரணம்' என்ற கட்டம் இரண்டே அங்குலம்.
'ஆர்வம்' என்று எழுதுவார்கள்,
'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதுவார்கள்.
ஹாக்கி ஆடும் பையன் ஒருவன்
'காலை எட்டு மணி வகுப்பு' என்று எழுதினான்.
இத்தனை வருடத்தில் நான் படித்த நேர்மையான வரி அது,
இவளுடையதைப் படிக்கும்வரை.

"கணக்கியலில் தொண்ணூற்றாறு.
வாங்கிய அன்று பேருந்தில்
ஒன்றுமே தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.
பாறைகளில் எழுபத்தொன்று.
விட்டுப்போன அந்த இருபத்தொன்பது
என்னவென்று தெரியாமல்
தூக்கம் வரவில்லை."

எழுத்து கட்டத்தைத் தாண்டி
ஓரத்தில் ஏறி
பின்பக்கம் போயிருந்தது.

"நீங்கள் என்ன படித்தீர்கள்?"
வணிகவியல். எண்பத்தேழில் முடித்தேன்.
"பிடித்திருந்ததா?"
இந்த ஜன்னலில் யாரும் இதைக் கேட்டதில்லை.
"பல் வைத்தியத்துக்குக் காப்பீடு உண்டு" என்றேன்.
சிரித்தாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.
என் மகனின் மூன்று பற்கள் அதில்தான் நிற்கின்றன.

நோட்டுகளை எண்ணி வைத்தாள்.
"மூன்று தடவை, எழுபத்தைந்து" என்றாள்.
"அண்ணன் இதை வீண்செலவில் எழுதுவான்."
"நீ?"
கொஞ்சம் யோசித்தாள்.
"தேய்மானத்தில்."

கணக்கு படித்த வாய்தான் அந்தச் சொல்லைச் சொல்லும்.
அலை உருட்டிய கல்லைக்
கையில் வைத்துப் பார்த்திருந்தால்தான்
அப்படிச் சொல்ல வரும்.

முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்தது.
திருத்தவில்லை.
வரிசையிலிருந்து யாரோ செருமினார்கள்.

மே மாதம் வருவாளோ என்னவோ.
டயர் கடை என்ன ஆனதென்று
கேட்க எனக்கு உரிமை இல்லை.
மேஜையில் இளஞ்சிவப்புப் படிவங்கள் ஒரு கட்டு.
கதவு திறக்கும்போதெல்லாம் பறக்கப் பார்க்கும்.
இப்போது அதன்மேல் ஒரு கல்,
மறந்து போனாளோ, வைத்துப் போனாளோ,
சிவப்பில் வரி வரியாக.

மதிய இடைவேளையில்
ஜன்னலை மூடிவிட்டு
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
வெளிச்சம் உள்ளே போகிறது.