நாலாவது ரீச்

பணகுடி தாண்டி ஆளில்லாத ரோடு. மணி நாலரை.
மடியில் லேப்டாப். அதன் வெளிச்சத்தில்
பூல்பாண்டியின் முழங்கை மட்டும் தெரிகிறது.
"மூணாவது கியர்ல போறேன். நம்பரப் பாரு,
ரோட்டப் பாக்காத."

ரெண்டு பேர் உட்காரும் வண்டி. கூரை கிடையாது.
கோயம்புத்தூரில் ஒருத்தன் வெறுத்துப்போய் விற்றது.
புதுப்பேட்டையில் எடைபோட்டு வாங்கிய சூப்பர்சார்ஜர்
தச்சநல்லூர் லேத்தில் கடைந்த பிராக்கெட்டைப் பற்றிக்கொண்டு
எஞ்சின் தோளில் ஊளையிடுகிறது.
காத்தாடிக் கம்பத்தில் ஏறி இறங்கிப் பிழைக்கிறவனுக்குக்
காற்றைப் பிடித்து அடைப்பது பெரிய சோலியில்லை.
அதற்கு ஈடாகப் பெட்ரோல் ஊட்டுவதுதான்
ஆறு மாசமாக.

மூவாயிரம். நாலாயிரம்.
ஊளை மெலிந்து சீழ்க்கையாகிறது.
ஐயாயிரத்தில்
தகர டப்பாவில் புளியங்கொட்டை குலுக்கும் சத்தம்.
"விடு, விடு!"
காலை எடுத்தான். நாலு பக்கமும் காத்தாடிகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாக அணைந்து
ஒன்றாக எரிந்தன.

"நம்பர் என்ன?"
"பதினொன்னரை."
"அப்போ பெட்ரோல் போதுமே. பெறவு என்ன சவத்துக்கு இடிக்கி?"

திரையில் பதினாறுக்குப் பதினாறு பாத்தி, பாத்திக்கு ஓர் எண்.
முந்தாநாள் இந்தப் பாத்தியில் ரெண்டு சதவீதம் கூட்டினோம்,
நேற்று மூன்று.
இன்னும் கூட்டினால் புகைதான் கருக்கும்.

பகலில் எனக்கு நாங்குநேரி பாசனப் பிரிவில் வேலை.
வேலை என்றால் சராசரி.
ஆற்றோரத்துக் குளம் மறுகால் பாயும்,
ராதாபுரம் பக்கத்துக் குளத்தில் பையன்கள் ஸ்டம்ப் நடுவார்கள்,
கூட்டி வகுத்தால் அரைக்குளம் தண்ணீர்.
அந்த அரைக்குளத்தில்
யாரும் கால் நனைத்து நான் பார்த்ததில்லை.

வண்டியின் வாலில் இருக்கிற சென்சாரும்
நாலு சிலிண்டர் மூச்சையும் கலந்து மோந்துதான்
ஓர் எண் சொல்கிறது.

"பிளக்கக் கழத்து."
"கொதிக்கி, ஏட்டி."
"ஆறட்டும்."

பழைய காலண்டர் தாளில் வரிசையாக வைத்தான்.
ஒன்று, பிஸ்கட் நிறம். ரெண்டும் அதே.
மூன்று கொஞ்சம் வெளுத்த பிஸ்கட்.
நாலு சுண்ணாம்பு.
அதன் வெள்ளையில் மிளகுப்பொடி தூவியதுபோல் பிஸ்டனின் அலுமினியம்.
அதையே விரலில் உருட்டிக்கொண்டிருந்தான், ரொம்ப நேரம்.
இன்னும் நாலு ஓட்டம் ஓட்டியிருந்தால்
பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும். ரெண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

நான் குழாயைப் பார்த்தேன்.
பெட்ரோல் ஒரு முனையில் நுழைகிறது,
முதல் மடை குடிக்க, ரெண்டாவது குடிக்க, மூன்றாவது குடிக்க,
மறுமுனையில் அடைப்பு.
மணிமுத்தாறுக் கால்வாய்க்கும் நாலாவது ரீச் உண்டு.
அங்கிருந்து வரும் மனுக்கள் என் மேசையில்தான் கிடக்கும்.
எல்லாவற்றிலும் ஒரே கேள்வி:
திறந்தாச்சுன்னீங்களே, எங்க?

"இனிமே கூட்டாத," என்றேன்.
"கூட்டினா தலைமடைக்காரன்தான் குடிப்பான்.
கடைசிலருந்தும் ஒரு குழா விடு."

அதற்கொரு ஞாயிற்றுக்கிழமை போனது,
கிளாம்ப் இறுக்கியதில் அவன் கட்டைவிரல் நகமும்.
கே.டி.சி. நகர் வீடெல்லாம் பெட்ரோல் வாடை.
ரெண்டு நாள் அடுப்பு பற்றவைக்காமல் பரோட்டா.

புதன்கிழமை அதே ரோடு.
ஐயாயிரம். ஐயாயிரத்து ஐநூறு.
ஆறாயிரத்தில் என் தலைமுடி எனக்குச் சொந்தமில்லை.
கொட்டை குலுங்கவில்லை.
எண் என்ன என்று கத்தினான்.
பதினொன்னரை.
அன்றைக்கும் அதே, இன்றைக்கும் அதே.
சந்தோஷத்துக்கு நடுவில்
வயிற்றை ஒரு கலக்குக் கலக்கியது.

நாலு பிளக்கும் பிஸ்கட்.
ஒன்றை நான் மோந்துகூடப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது விடிந்துவிட்டது.
நாங்குநேரி தாண்டிக் கொஞ்ச தூரம், வண்டி
இருமாமல் திணறாமல் அப்படியே நின்றது.
முள் கால் டேங்க் என்கிறது. டேங்கில் சொட்டில்லை.
பூல்பாண்டி இறங்கித் தள்ளினான், நான் ஸ்டீயரிங் பிடித்தேன்.
டீக்கடையில் ஒருத்தர் கிளாசோடு எழுந்து வந்தார்.
"தள்ளுததுக்குன்னே செஞ்ச வண்டியாவே?"

முன்னால் ஊர்ப் பலகை: மூன்றடைப்பு.
"நாலாவது அடைப்ப நாமதான எடுத்தோம்," என்றேன் திரும்பிப் பார்த்து.
சிரிக்க
அவனிடம் காற்றில்லை.