அறுபதாவது நொடி

முன்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறேன்.
இருநூறில் முள் நிற்கிறது.
இனி ஐந்து நிமிடம் அந்தக் கைக்கு ரத்தம் இல்லை.

சோலூர்மட்டம் பஸ் ஒன்றரைக்கு என்று
கதிராயி வந்ததிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டாள்.
விரல்கணுக்கள் இஞ்சிக் கிழங்காய் வீங்கியிருக்கின்றன.
மார்கழியில் கொழுந்து கிள்ளும்போது
நுனிகள் சுண்ணாம்பாய் வெளுக்குமாம்,
பிறகு நீலமாம், பிறகு எரிச்சலோடு சிவப்பாம்.
"கலர் டிவி மாதிரி, மேடம்."

திரையில் அவள் தமனி:
இரண்டு சாம்பல் கோடுகள், நடுவே கறுப்பு.
மூன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர்.
கோட்டின் உள்பக்கம்
ஒற்றை வரிசையாய்ப் படுத்திருக்கும் செல்களை
இந்த மெஷின் காட்டாது.
ரத்தம் உரசிப் போனால் அவை ஒரு வாயுவை ஊதும்.
நைட்ரிக் ஆக்சைடு.
சில நொடிதான் ஆயுள்,
அதற்குள் பக்கத்துத் தசையிடம் போய்
'விடு' என்று சொல்லியாக வேண்டும்.
சொன்னால் தசை விட்டுவிடும். அவ்வளவுதான் வேலை.

மூட்டில் பற்றியது மூட்டோடு நிற்பதில்லை.
பிப்ரவரியில் எதிர்ச் சரிவில் புல் எரிந்தால்
எங்கள் குவார்ட்டர்ஸ் கொடியில் காயும் சேலையும்
கரி வாசம் பிடிக்கும்.
அழற்சி போய்ச் சேர்ந்த செல்லில்
வாயுவைச் செய்யும் நொதி குறைகிறது.
மிச்சமிருப்பதும் துணைச்சரக்கு தீர்ந்துபோய்,
ஓட்டத்தை மட்டும் நிறுத்தாமல்,
வெறிபிடித்த ஆக்சிஜனைச் செய்து தள்ளுகிறது.
'விடு' வாயைவிட்டு வருகிறது.
வந்ததும் அது தின்றுவிடுகிறது,
தின்று, தன்னைவிடக் கெட்ட ஒன்றாகிறது.

ஐந்து நிமிடம். அவிழ்க்கிறேன்.
ஸ்பீக்கரில் ரத்தம் மழைக்கால ஓடைபோல் இரைந்து இறங்குகிறது.
இருபது. முப்பத்தைந்து.
அறுபதாவது நொடியில் அளக்க வேண்டும்.
ஐம்பத்திரண்டில் கரண்ட் போனது.

ஜன்னலில் மூடுபனியின் வெளிச்சம்.
வெளியே ஜெனரேட்டர் இருமி இருமி அடங்கியது.
"அரைமணி கழிச்சு முதல்லேர்ந்து செய்யணும்மா."
"பஸ்ஸு?"
நான் பதில் சொல்லவில்லை.

இருட்டில் அவள் எடைபோடுகிற பையனைத் திட்டினாள்.
ஈரம் என்று கூடைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறானாம்.
"பனியையும் நாந்தானே சொமந்தேன்?"

கரண்ட் வந்தது. இரண்டாம் முறை. அறுபது.
மூன்று புள்ளி ஆறு ஐந்து.
"பெருசாச்சா?"
பாதி மயிரிழை அளவு. "கொஞ்சம்" என்றேன்.

மெஷின் வந்த வாரம் என் கையில்தான் சோதித்தார்கள்.
எனக்கு நாலு நாள் காய்ச்சல்.
என் தமனியும் அன்றைக்கு அசையவில்லை.
அடுத்த மாதம் அசைந்தது.
அதை அவளிடம் சொல்லலாமா?
நான்கு நாளும் பதினொரு வருடமும் ஒன்றா?

ஜெல்லைத் துடைத்துக்கொண்டு
விரல்களை அக்குளில் செருகியபடி போனாள்,
மூன்றேகால் பஸ்ஸுக்கு.

ரிப்போர்ட்டில் ஒன்று புள்ளி நாலு சதவீதம் என்று எழுத
பேனா எழுதவில்லை. குளிர்.
உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து
உருட்டிக்கொண்டே இருந்தேன்.