பதினேழு குறுக்காக

செவில் ஆரஞ்சு கடைக்கு வந்துவிட்டது.
ஜனவரியில் மூன்றே வாரம்தான் கிடைக்கும்.
அப்படியே தின்றால் நாக்கு சபிக்கும்,
ஜாமுக்கு அதை விட்டால் வேறில்லை.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது கிர்க்வாலில்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு
தோல் நறுக்குகிறேன்.
அந்தப் பக்கம் எல்ஸ்பெத், ஸ்ட்ரோம்னஸில்,
சூப்பை உறிஞ்சியபடி குறுக்கெழுத்து வாசிக்கிறாள்.
இருவர் மேசையிலும் ஒரே பேப்பர்.

"பதினேழு குறுக்காக. பனி தன் பிடியை விடுவது.
நாலு எழுத்து."
"விலகல்" என்றேன்.
பேனாவாலேயே எழுதியும் விட்டேன்.

"சர்க்கரை எவ்வளவு போட்டாய், ஊனா?"
"நீ சொன்னதில் பாதி."
"அப்போ உறையாது."
"உறையும்."

அவள் வீட்டு ஹீட்டர் மறுபடி மக்கர்.
இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் மகன் விட்டுப்போன கோட்டு.
அவன் பெர்த்தில் இருக்கிறான்
(பக்கத்து பெர்த் இல்லை, ஆஸ்திரேலியாவில் இருப்பது).
அங்கே இன்று நாற்பது டிகிரியாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்,
கொஞ்சம் நீளமாகவே.

குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு
விரலால் தள்ளிப் பார்த்தேன்.
சுருங்க வேண்டும். ஓடியது.
அவளிடம் சொல்லவில்லை.

"ஒன்பது நெடுக்காக குருவி வருகிறதே,
உன் 'ல' அங்கே நிற்காது.
கடைசி இரண்டு எழுத்து மட்டும் சரி."
ஸ்பூன் கிண்ணத்தில் தட்டும் சத்தம்.
"உருகல்" என்றாள்.

பிசுபிசுத்த விரலோடு மையின்மேல் மை எழுதினேன்.
இரண்டு கட்டம் கறுப்பாகிப் போயிற்று.
பிறகு சர்க்கரை டப்பாவை
சத்தமில்லாமல் என் பக்கம் இழுத்துச் சாய்த்தேன்.

"என்ன கொட்டுகிறாய்?" என்றாள்.