நீலம் படாத மரம்

அலகாஷ் ஆற்றுக்கு மேலே, பிப்ரவரி.
இடுப்பளவு பனி.
வெட்டவேண்டிய மரங்களுக்கெல்லாம்
நீலம் பூசிக்கொண்டே போனேன்.

கிழட்டு ஹெம்லாக் ஒன்றின் கீழே மட்டும்
பனி கணுக்காலைத் தாண்டவில்லை.
அங்கே ஐந்து குழிகள்,
ஒவ்வொன்றும் ஒரு மான் கால்மடக்கிக் கிடந்த அளவு.
உடற்சூட்டில் உருகி
மறுபடி உறைந்த கண்ணாடி விளிம்பில்
சாம்பல் மயிர்.
ஐந்தும்
வந்த தடத்தையே பார்த்தபடி.

கையுறை கழற்றித் தொட்டேன்.
சூடு அதனுடையதா
என் கையினுடையதா, தெரியவில்லை.

"அதை ஏன் விட்டாய்?" என்றார் பெர்லி மிஷோ.
"உள்ளே கோறை."
பொய்.

இயந்திரங்கள் வந்தன.
முதல் வாரம் மான்களுக்கு விருந்துதான்.
சாய்ந்த கிளைகளின் மொட்டுக்காக
ராவோடு ராவாக வந்தன,
ரம்பச் சத்தம் சோற்றுமணி என்பதுபோல.
தின்ன வந்தன, சரி.
படுக்க எங்கே போயின?
கூரையிழந்த சரிவில் பனி
அவற்றின் வயிற்றைத் தொட்டது.

மார்ச் மாதக் காற்றில்
நான் விட்ட மரமும் விழுந்தது.
தோள்கொடுக்க அக்கம்பக்கம் இல்லாதது
எத்தனை நாள் நிற்கும்?
பெர்லி குறுக்கே அறுத்துப் பார்த்தார்.
முழுக்கட்டை. ஒரு பொத்தல் இல்லை.
ரம்பத்தை அணைத்துவிட்டு
காப்பிக் குடுவையை என்னிடம் நீட்டினார்,
ஒரு வார்த்தை பேசாமல்.

பெயர்ந்து நின்ற வேர்ச்சுவரின் மறைவில்
காற்றுக்கு முதுகு காட்டி
ஒரேயொரு குழி.
புதிது.
அது பார்த்திருந்தது
எங்கள் லாரித் தடத்தை.