மெல்லிசு தோட்டம்: வாரிசு விவரம்

நாகலூருக்கு மேலே நாலு ஏக்கர் எழுபது சென்ட்.
வாங்கப்போகிறவர் திருப்பூர்க்காரர், அவசரப்படுகிறார்.
வில்லங்கம் பார்க்க வந்தவள் நான்.
வக்கீல் குமாஸ்தா. நாளுக்கு அறுநூறு, பஸ் காசு தனி.

விற்பவர் தந்தது ஒரு தகரப் பெட்டி.
எலிப் புழுக்கைக்கு அடியில்
பேரேடு ஒன்று, கடிதங்கள் பத்தொன்பது.

குடும்பப் பெயர் மெல்லிஷ். ஊர் வாயில் மெல்லிசு துரை.
ஆள் மெல்லிசு இல்லை:
நாற்காலி பழுதுபார்த்த கூலி
ஒரே வருஷத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறது.

மூத்தவன் அமோஸ்.
கீழே செவ்வாய்ப்பேட்டையில் மண்டி. காப்பி, கடுக்காய், தானியம்.
குவேக்கர் என்று ஒரு சபை அவர்களுடையது,
கிழமைக்குத் தெய்வப் பெயர் ஆகாது,
ஞாயிறு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள்.
ஆகவே முதல் பக்கத்தில் கோணல் தமிழில்
மூன்றாம்நாள்பேட்டை என்று ஊர் போட்டிருக்கிறான்.
அந்த விலாசத்துக்கு ஒரு கடிதமும் வந்திராது.

மனிதருக்குள் மேல் கீழ் இல்லை என்பதும் சபையின் சட்டம்.
தமிழ் படித்த அன்றே அமோஸ் எல்லோரையும்
நீ என்றான்.
வண்டிக்காரனை நீ. தாசில்தாரையும் நீ.
பற்றுப் பக்கத்தில்: அபராதம், ரூபாய் இரண்டு.

தங்கை டேபிதா மலையில் தோட்டம் பார்த்தாள்.
அதே சபை, அதே முன்ஷி, அதே பாடம்.
அவள் எல்லோரையும்
நீங்கள் என்றாள்.
காப்பி பறிக்க வந்த மலையாளிப் பெண்களை,
நாற்றங்காலில் வாய் வைத்த மாட்டை.
'மாட்டுக்கு மரியாதை தருகிறாயாம், பேட்டை வரை சிரிக்கிறார்கள்'
என்று அண்ணன் எழுதிய கடிதம் ஏழாவது.
பதில் இல்லை. அல்லது எலி தின்றது.

லிடியா கப்பலேறவே இல்லை.
வருஷம் தவறாமல் ஒரு பெட்டி அனுப்பினாள்,
சேலத்து வெயிலுக்கு
கம்பளிக் காலுறை.

கடைசி, சைலஸ்.
துப்பாக்கி தொட்டானா தெரியவில்லை.
தொட்டவர்களுக்கு அரிசி விற்றான், பட்டாளக் குத்தகை.
சபைக்கு அது போதும்.
பேரேட்டின் பின்னட்டையில் நான்கு பெயர்கள்,
நான்காவதன் மேல் ஒரு கோடு.
கை நடுங்கவில்லை. அடிகோல் வைத்து இழுத்திருக்கிறான்
அமோஸ்.

பிறகு தாது வருஷம்.
ஏரிகள் வண்டிப் பாதையாயின.
அமோஸ் கடையில் பேரம் கிடையாது,
கேழ்வரகு ரூபாய்க்குப் பன்னிரண்டு படி,
ஆடியில் என்னவோ மார்கழியிலும் அதே.
நியாயஸ்தன்.
நாலு மண்டிக்காரர்கள் விடிவதற்குள் வந்து
அறுநூற்று நாற்பது மூட்டையும் ரொக்கம் கொடுத்து எடுத்தார்கள்.
சாயங்காலம் அதே தெருவில் அதே சாக்கில்
ரூபாய்க்கு நாலு படி.

அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு தம்பிடி பிசகில்லை.
அடுத்த பக்கம் வெறும் தாள்.
அதற்கடுத்ததும்.

மண்டியைப் பூட்டி மலையேறியிருக்கிறான்.
தங்கை கஞ்சித் தொட்டி வைத்திருந்தாள்.
பெட்டியில் மிச்சமிருப்பது ஒரு துண்டுச் சீட்டு,
பெயர் தெரியாத ஒரு மேஸ்திரிக்கு, அமோஸின் கோணல் எழுத்தில்:
'விறகு தீர்ந்தது. அனுப்புங்கள்.'
அந்த ங்கள் மட்டும்
மை ஊறி, பெரிதாக,
இரண்டு முறை எழுதியதுபோல.

கல்லறைக்குக் கல் நடுவதும் சபைக்கு ஆகாது.
நாலு ஏக்கர் முழுக்க நடந்தேன்,
சில்வர் ஓக், மிளகுக்கொடி, அட்டை.
நட்ட கல் என்றால் சர்வே கல் ஐந்து.
எந்தச் செடிக்குக் கீழே அண்ணன், எதற்குக் கீழே தங்கை,
காப்பிக்குத்தான் தெரியும்.

படிவம் நிரப்புகிறேன்.
அமோஸ், மணமில்லை. டேபிதா, மணமில்லை.
லிடியா, கடல் கடந்த விஷயம், வக்கீல் பார்த்துக்கொள்வார்.
பின்னட்டையை ஜன்னலுக்கு நேரே பிடித்தால்
கோட்டுக்கு அடியில் சைலஸ் என்பது
மற்ற மூன்றைவிடத் தெளிவாகத் தெரிகிறது.
யாரை மணந்தான்? எங்கே அரிசி அளந்தான்?

போன் அடிக்கிறது. திருப்பூர்.
'என்னம்மா, முடிச்சியா?'

இன்னும் ஒருத்தர் பாக்கி
என்றேன்.